மன்ரோ கோட்டைக்குப் படகில் வந்த மூவர்: அமெரிக்க உள்நாட்டுப் போரின் திசையைத் திருப்பிய ஒரு நிகழ்வு

1861 மே 23ஆம் தேதி இரவு, வர்ஜீனியா மாநிலத்தின் சீவெல்ஸ் பாயின்ட் என்ற இடத்திலிருந்து மூன்று அடிமைகள் ஒரு சிறு படகில் ஏறி, எதிர்க்கரையில் இருந்த மன்ரோ கோட்டைக்குத் துடுப்புப் போட்டு வந்து சேர்ந்தார்கள். ஃபிராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மல்லோரி, ஜேம்ஸ் டவுன்சென்ட் என்பவை அவர்களின் பெயர்கள். அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கி ஏறக்குறைய ஆறு வாரம் ஆகியிருந்தது. கோட்டை வடக்கு அரசின் கையில் இருந்தது. அதைச் சுற்றியிருந்த நிலமெல்லாம் பிரிந்துபோன தெற்கின் கையில்.

நம்மில் பலருக்கு இந்தப் போர் ஒற்றை வரியாகத்தான் அறிமுகமாகியிருக்கிறது: ஆபிரகாம் லிங்கன் அடிமைகளை விடுவித்தார். அந்த வரியில் பொய் இல்லை. ஆனால் அது கதையின் கடைசி வரி. போர் தொடங்கியபோது அடிமைகளை விடுவிப்பது வடக்கின் நோக்கமே அல்ல. பிறகு எப்படி அது நோக்கமாயிற்று என்ற கேள்விக்கு, எந்தத் தலைவரின் உரையையும்விடத் தெளிவான விடை இந்த மூவரின் படகுப் பயணத்திலும் அதைத் தொடர்ந்த சில மாதங்களிலும் கிடைக்கிறது என்பது என் உறுதியான கருத்து. அதனால்தான் போரின் பெரிய களங்களை விட்டுவிட்டு, குண்டு எதுவும் வெடிக்காத இந்த ஓர் இரவை எடுத்துக்கொள்கிறேன்.

போர் எதற்காகத் தொடங்கியது

1860ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் ஏறத்தாழ 3 கோடியே 14 இலட்சம் மக்கள். அவர்களில் 39 இலட்சத்து 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அடிமைகள். வர்ஜீனியாவில் மட்டும் 4 இலட்சத்து 90 ஆயிரம் பேர். வேறெந்த மாநிலத்திலும் இத்தனை பேர் அடிமைத்தளையில் இல்லை.

அடிமைமுறை புதிய நிலப்பகுதிகளுக்குப் பரவக் கூடாது என்ற கொள்கையோடு லிங்கன் 1860 நவம்பரில் வென்றார். டிசம்பர் 20ஆம் தேதி தென் கரோலினா பிரிந்தது. பிப்ரவரி தொடக்கத்துக்குள் ஏழு மாநிலங்கள் போய்விட்டன. ஏன் போகிறோம் என்பதை அவர்கள் மறைக்கவில்லை. மிசிசிப்பி தன் பிரிவினை அறிக்கையிலேயே தன் நிலைப்பாடு அடிமைமுறையோடு முற்றாகப் பிணைந்தது என்று எழுதி வைத்தது. பிரிந்த மாநிலங்கள் சேர்ந்து அமைத்த தென் கூட்டமைப்பின் துணைத் தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீவன்ஸ் 1861 மார்ச் 21ஆம் தேதி சவானா நகரில் பேசும்போது, கறுப்பர் வெள்ளையருக்குச் சமமல்லர், அடிமைநிலையே அவர்களுக்கு இயல்பானது என்பதுதான் தங்கள் புதிய அரசின் மூலைக்கல் என்றார். தெற்கு மாநில உரிமைக்காக மட்டுமே போரிட்டது என்று பிற்காலத்தில் கட்டப்பட்ட கதையை இந்த இரண்டு ஆவணங்களே உடைத்துவிடுகின்றன.

வடக்கின் நிலை வேறு. மார்ச் 4ஆம் தேதி பதவியேற்பு உரையில் லிங்கன், அடிமைமுறை இருக்கிற மாநிலங்களில் அதில் நேராகவோ மறைமுகமாகவோ தலையிடும் நோக்கம் தமக்கு இல்லை என்று உறுதி கூறினார். அந்த நாட்களில்தான் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ், மாநிலங்களின் அடிமைமுறையை எக்காலத்திலும் ஒன்றிய அரசு தொடக் கூடாது என்ற அரசியல் சட்டத் திருத்தம் ஒன்றை நிறைவேற்றி மாநிலங்களின் ஒப்புதலுக்கு அனுப்பியது. கார்வின் திருத்தம் என்று அதற்குப் பெயர். போர் மூளாமல் அதைப் போதிய மாநிலங்கள் ஏற்றிருந்தால் அமெரிக்க அரசியல் சட்டத்தின் 13ஆவது திருத்தம் அடிமைமுறையைக் காக்கும் திருத்தமாக இருந்திருக்கும். நான்கு ஆண்டுகள் கழித்து அதே எண்ணில் வந்த திருத்தம் அடிமைமுறையை ஒழித்தது.

ஏப்ரல் 12ஆம் தேதி, தென் கரோலினாவில் வடக்குப் படை வைத்திருந்த சம்டர் கோட்டை மீது தெற்கு பீரங்கி சுட்டது. லிங்கன் 75,000 படைவீரர்களைத் திரட்ட அழைப்பு விடுத்தார். அழைப்பு நாட்டின் ஒற்றுமைக்காக மட்டுமே. டெலவேர், மேரிலாந்து, கென்டக்கி, மிசௌரி ஆகிய நான்கு எல்லை மாநிலங்களிலும் அடிமைமுறை இருந்தது. அவை இன்னும் ஒன்றியத்தை விட்டுப் போகவில்லை. அடிமைமுறை மீது கை வைத்தால் அவையும் போய்விடும் என்ற அச்சம் லிங்கனை ஒவ்வோர் அடியிலும் பிடித்து நிறுத்தியது. அடிமைமுறையை எதிர்க்காமல் அடிமை முதலாளிகளோடு மட்டும் சண்டையிடுவது அரைமனத்தோடு செய்யும் வேலை என்று, தாமே அடிமையாக இருந்து தப்பி வந்த ஃபிரெடரிக் டக்ளஸ் அந்த மே மாதத்திலேயே எழுதினார். வாஷிங்டன் அப்போது அதற்குச் செவி கொடுக்கும் நிலையில் இல்லை.

அதற்கு முன்பே ஒரு சோதனை நடந்து தோற்றிருந்தது. 1861 மார்ச்சில் ஃபுளோரிடாவின் பிக்கன்ஸ் கோட்டைக்கு, வடக்குப் படை தங்களுக்கு அடைக்கலம் தரும் என்று நம்பி எட்டு அடிமைகள் வந்தார்கள். கோட்டைத் தளபதி அவர்களைப் பென்சகோலா நகர அதிகாரிகளிடம் திருப்பி ஒப்படைத்தார். சட்டப்படி அவர் செய்தது சரி. 1850ஆம் ஆண்டின் தப்பியோடிய அடிமைகள் சட்டம் அதைத்தான் கேட்டது. மே மாதத்து மூவருக்கும் இதே முடிவு காத்திருந்திருக்கலாம்.

கோட்டையும் அந்த மூவரும்

மன்ரோ கோட்டை நிற்கும் நிலமுனைக்குப் பாயின்ட் கம்ஃபர்ட் என்று பெயர். 1619 ஆகஸ்டில், ஆங்கிலேயரின் வர்ஜீனியாக் குடியேற்றத்துக்கு முதல் ஆப்பிரிக்கர்கள் கொண்டுவரப்பட்ட கப்பல் நின்ற இடம் அது. 'இருபதுக்குச் சற்று மேற்பட்ட' பேர் என்று அக்காலக் குறிப்பு சொல்கிறது. உணவுப்பொருளுக்கு ஈடாக அவர்கள் கைமாறினார்கள். 242 ஆண்டுகளுக்குப் பின் அதே நிலமுனையை நோக்கி இந்த மூவரும் தாங்களாகவே படகு செலுத்தி வந்தார்கள்.

கோட்டையைக் கட்டத் தொடங்கியது 1819இல், முடிந்தது 1834இல். அகழி சூழ்ந்த பெரிய கற்கோட்டை. கட்டுமானத்தில் அடிமைகளின் உழைப்பும் சேர்ந்திருக்கிறது. இளம் பொறியாளராக ராபர்ட் ஈ. லீ இங்கே பணிபுரிந்தார். பின்னாளில் தென்படையின் தலைசிறந்த தளபதியாகப் போரிட்டவர் அவரேதான். கோட்டையின் வலிமையை நன்கு அறிந்திருந்த தெற்கு, போர் முழுவதும் அதைத் தாக்கிப் பிடிக்க முயலவே இல்லை. ஆகவே தென் மாநிலத்தின் உள்ளேயே வடக்கின் கொடி இறங்காமல் பறந்த ஒரு சில இடங்களில் இதுவும் ஒன்று. சுற்றுவட்டாரத்து அடிமைகள் அந்தக் கொடியை நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மூவரும் அருகிலிருந்த ஹாம்ப்டன் நகரத்துக் கர்னல் சார்லஸ் மல்லோரியின் உடைமையாகக் கருதப்பட்டவர்கள். அவர் வர்ஜீனியா மாநிலப் படையின் உள்ளூர்ப் பிரிவுக்குத் தலைவர். சீவெல்ஸ் பாயின்டில் தெற்கு கட்டிக்கொண்டிருந்த பீரங்கி மேடையில் அவர்கள் வேலை செய்தார்கள். அந்த மேடையின் பீரங்கிகள் கோட்டைப் பக்கம் திரும்பியிருந்தன. அடுத்தபடியாகக் கரோலினாவுக்குக் கொண்டுபோய் அங்கும் படை வேலையில் ஈடுபடுத்தப் போகிறார்கள் என்ற செய்தி அவர்கள் காதுக்கு எட்டியது. இருவருக்கு மனைவி மக்கள் ஹாம்ப்டன் பகுதியில் இருந்தார்கள். ஒருவரின் மனைவி அடிமையல்லாத சுதந்திரப் பெண். மூன்றாமவர், தென்படையில் சேர்த்துவிடுவார்கள் என்ற அச்சத்தில் வந்ததாகச் சொன்னார். இவை கோட்டையில் அவர்களைத் தனித்தனியாக விசாரித்தபோது கிடைத்த விவரங்கள்.

அவர்கள் புறப்பட்ட நாளையும் கவனிக்க வேண்டும். வர்ஜீனியா பிரிந்துபோவதை உறுதி செய்யும் வாக்கெடுப்பு நடந்தது அதே மே 23ஆம் தேதி. வாக்களித்தவர்களில் அடிமைகள் யாரும் இல்லை. அந்த இரவே மூவரும் தங்கள் முடிவைத் துடுப்பால் எழுதினார்கள். பிடிபட்டிருந்தால் சவுக்கடி, அல்லது குடும்பத்தின் கண்ணில் இனி படாத தூரத்துக்கு விற்கப்படுதல். போய்ச் சேர்ந்தாலும் திருப்பி அனுப்பப்பட மாட்டோம் என்பதற்கு எந்த உத்தரவாதமும் அவர்களிடம் இல்லை.

பட்லரின் வாதம்

கோட்டைத் தளபதி பெஞ்சமின் பட்லர் வந்து சேர்ந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்து வழக்கறிஞர்; அரசியல் செல்வாக்கால் படைத்தலைவரானவர். அடிமை ஒழிப்பாளர் என்ற பெயர் அவருக்கு இல்லை. 1860ஆம் ஆண்டு ஜனநாயகக் கட்சி மாநாட்டில் குடியரசுத் தலைவர் வேட்பாளராக ஜெஃபர்சன் டேவிசுக்கு 57 முறை வாக்களித்தவர் அவர். அந்த டேவிஸ் இப்போது தென் கூட்டமைப்பின் தலைவர். ஒரு மாதத்துக்கு முன், ஏப்ரலில், மேரிலாந்தில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தால் அடக்கித் தருகிறேன் என்று அம்மாநில ஆளுநருக்கு எழுதியவரும் இவரே. கைதேர்ந்த நீதிமன்ற வாதத்திறன் மட்டும் அவரிடம் நிறைய இருந்தது.

மறுநாள், மே 24, வெள்ளைக்கொடியோடு மேஜர் ஜான் கேரி வந்தார். கர்னல் மல்லோரியின் சார்பில் மூவரையும் திருப்பிக் கேட்டார். அரசியல் சட்டப்படி அவர்களைத் திருப்பித் தரும் கடமை வடக்கு அதிகாரிக்கு உண்டு என்றார். பட்லரின் பதில், வர்ஜீனியா தன்னை அந்நிய நாடு என்று சொல்லிக்கொள்கிறது. அந்நிய நாட்டுக்கு எங்கள் சட்டக் கடமை எதுவும் கிடையாது. நீங்கள்தானே பிரிந்துபோக முடியாது என்கிறீர்கள் என்று கேரி மடக்கினார். நீங்கள் பிரிந்துவிட்டதாகச் சொல்கிறீர்களே, அப்படியானால் எங்கள் சட்டத்தை நீங்கள் எப்படிக் கோரலாம் என்று பட்லர் திருப்பினார். பீரங்கி மேடை கட்டுவதற்கு எதிரி பயன்படுத்திய உடைமை என்பதால் மூவரையும் போர்ப் பறிமுதல் சரக்காக வைத்துக்கொள்கிறேன் என்று முடித்தார். கர்னல் மல்லோரி நேரில் வந்து அமெரிக்க அரசியல் சட்டத்துக்கு விசுவாச உறுதிமொழி எடுத்தால் தரலாம் என்ற ஒரு வாய்ப்பையும் வைத்தார். மல்லோரி வரவில்லை. இந்த உரையாடல் இத்தனை கச்சிதமாக நமக்குக் கிடைப்பது பட்லர் முப்பது ஆண்டு கழித்து எழுதிய நினைவுநூலிலிருந்து. சொற்களில் அவர் கொஞ்சம் மெருகேற்றியிருக்கலாம். முடிவும் அதற்கான காரணமும் அந்த வாரத்து அரசு ஆவணங்களிலேயே பதிவாகியுள்ளன.

இந்த வாதத்தைப் பலர் வெறும் சாதுரியம் என்று பாராட்டிக் கடந்துவிடுகிறார்கள். உண்மையில் அதனுள் ஒரு பெரிய முரண்பாடு இருக்கிறது. பிரிவினை செல்லாது, தெற்கில் இருப்பவர்கள் கலகம் செய்யும் குடிமக்கள்தான் என்பது லிங்கன் அரசின் அடிப்படை நிலைப்பாடு. வர்ஜீனியாவை அந்நிய நாடாக வைத்துப் பட்லர் வாதாடினால் அந்த அடிப்படையே ஆடும். ஆனால் ஏப்ரலில் லிங்கனே தென் துறைமுகங்களுக்கு எதிராகக் கடல் முற்றுகை அறிவித்திருந்தார். முற்றுகை என்பது போரிடும் நாடுகளுக்கிடையே நிகழ்வது. சொந்தக் குடிமக்களுக்கு எதிராகச் செய்வதல்ல. ஆக முரண்பாட்டைப் பட்லர் உண்டாக்கவில்லை. அரசின் நடத்தையில் ஏற்கெனவே இருந்ததை அவர் நிலத்துக்குக் கொண்டுவந்தார். 1863இல்தான், கப்பல் பறிமுதல் வழக்குகளில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் இதற்கு விடை சொன்னது: கலகக்காரர்களைக் குற்றவாளிகளாகவும் போர் எதிரிகளாகவும் ஒருசேர நடத்த அரசுக்கு உரிமை உண்டு. கோட்டை வாசலில் எடுத்த முடிவுக்குச் சட்டம் இரண்டு ஆண்டு கழித்தே வந்து சேர்ந்தது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பட்லர் மூவரையும் மனிதர்கள் என்று சொல்லி விடுவிக்கவில்லை. தெற்கின் கூற்றையே ஏற்று, அவர்கள் உடைமை என்றால் அந்த உடைமையைப் பறிக்கிறேன் என்றார். தெற்குக்கு இந்த வாதத்தை மறுக்க வழியே இல்லை. உடைமை அல்ல என்றால் அடிமைமுறை இடிகிறது, உடைமை என்றால் பறிமுதல் செல்லும். வாதத்தின் வலிமை அங்கேதான். அதன் கொடுமையும் அங்கேதான். சுதந்திரம் தேடி வந்தவர்கள் சரக்குப் பட்டியலில் ஏறினார்கள். 'கான்ட்ராபேண்ட்', அதாவது பறிமுதல் சரக்கு, என்ற பெயர் போர் முடியும்வரை தப்பி வந்த இலட்சக்கணக்கான மனிதர்கள்மேல் ஒட்டிக்கொண்டது. அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட கூலியிலும் உணவிலும் அதன் நிழல் விழுந்ததைப் பின்னால் பார்ப்போம்.

குடும்பங்கள் வந்தன

மூவரையும் திருப்பி அனுப்பவில்லை என்ற செய்தி கோட்டை இருந்த தீபகற்பம் முழுக்கப் பரவ இரண்டு நாள் போதுமாயிருந்தது. மே 26ஆம் தேதி எட்டுப் பேர். மறுநாள் 47 பேர். வந்தவர்களில் பெண்கள், கைக்குழந்தைகள், கிழவர்கள் எல்லோரும் இருந்தார்கள். இதுவரை வந்தவர்களின் சந்தை மதிப்பு 60,000 டாலர் என்று பட்லர் மேலிடத்துக்கு எழுதினார்.

இங்கேதான் அவருடைய வாதம் தள்ளாடியது. பீரங்கி மேடை கட்டிய ஆண்களைப் பறிமுதல் சரக்கு என்று சொல்லலாம். இடுப்பில் குழந்தையோடு வந்த தாயை என்னவென்று சொல்வது? தலைமைத் தளபதி வின்ஃபீல்ட் ஸ்காட்டுக்கு மே 27ஆம் தேதி எழுதிய கடிதத்தில் பட்லர் இதை நேராகவே கேட்கிறார். தந்தையின் உழைப்பையும் தாயின் உழைப்பையும் ஏற்றுக்கொண்டு பிள்ளைகளை ஏற்காமல் இருக்க முடியுமா? மனிதநேயப்படி எனக்கு ஐயமே இல்லை, அரசியல் கேள்வியாக முடிவு செய்ய எனக்கு உரிமை இல்லை என்கிறார். அந்தக் கடிதத்தில் ஒரு வழக்கறிஞர் மெல்ல மாறுவது தெரிகிறது. அவரை மாற்றியவர்கள் அந்தத் தாய்மார்கள். ஆண்கள் மட்டும் வந்திருந்தால் இது படைத்துறை விவகாரமாகவே முடிந்திருக்கும். குடும்பத்தோடு வந்ததால்தான் அரசு பதில் சொல்லித் தீர வேண்டிய கேள்வியாயிற்று.

போர் அமைச்சர் சைமன் கேமரன் மே 30ஆம் தேதி பட்லரின் முடிவை ஏற்றார். வந்தவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டாம், வேலை கொடுங்கள், கணக்கு வையுங்கள், இறுதி முடிவு பிறகு என்றார். அந்தப் 'பிறகு' எப்போது என்று பட்லர் ஜூலை 30ஆம் தேதி மீண்டும் எழுதிக் கேட்டார். அப்போது அவர் பொறுப்பில் 900 பேர்: உழைக்கக்கூடிய ஆண்கள் 300, கடின உழைப்புக்கு வயது கடந்த ஆண்கள் 30, பெண்கள் 175, பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் 225, பத்து முதல் பதினெட்டு வயதுவரை 170. அந்தக் கணக்கை மீண்டும் ஒருமுறை பாருங்கள். 395 பேர் சிறுவர் சிறுமியர். இவர்களை என்ன செய்வது, இவர்களின் நிலை என்ன, இவர்கள் அடிமைகளா, சுதந்திரமானவர்களா என்று அந்தக் கடிதம் கேட்கிறது. எஜமானர்கள் விட்டு ஓடியிருக்கிறார்கள், உடைமை என்ற உறவு அறுந்துவிட்டது, மிஞ்சியிருப்பது மனிதர்கள்தானே என்ற இடத்துக்குப் பட்லர் அந்த இரண்டு மாதத்தில் வந்து சேர்ந்திருந்தார்.

வந்தவர்கள் கோட்டைக்குச் சுமையாக இருக்கவில்லை. அகழ்ந்தார்கள், சுமந்தார்கள், சமைத்தார்கள், துணி வெளுத்தார்கள். எதிரி எங்கே இருக்கிறான், எந்தச் சாலை எங்கே போகிறது என்று சொன்னார்கள். ஜார்ஜ் ஸ்காட் என்பவர் பிக் பெத்தல் அருகே தென்படை அரண் அமைத்திருப்பதை நேரில் வேவு பார்த்து வந்து சொன்னார். ஜூன் 10ஆம் தேதி அங்கே நடந்த மோதலில் வடக்குத் தோற்றது. தோல்விக்குக் காரணம் அதிகாரிகளின் குழப்பம், ஸ்காட் தந்த தகவல் அல்ல.

வாசலிலிருந்து சட்டமன்றம்வரை

ஜூலை 21ஆம் தேதி புல் ரன் போரில் வடக்குப் படை சிதறி ஓடியது. மறுநாளே மக்களவை, இந்தப் போர் மாநிலங்களின் நிலைபெற்ற அமைப்புகளைக் கவிழ்ப்பதற்கல்ல, ஒன்றியத்தைக் காப்பதற்கே என்று தீர்மானம் போட்டது. 'நிலைபெற்ற அமைப்பு' என்றால் அடிமைமுறை. இரண்டு வாரம் கழித்து, ஆகஸ்ட் 6ஆம் தேதி, அதே காங்கிரஸ் முதல் பறிமுதல் சட்டத்தை நிறைவேற்றியது: தென்படையின் வேலையில் ஈடுபடுத்தப்பட்ட அடிமைகள்மீது எஜமானுக்கு இனி உரிமை இல்லை. அந்தச் சட்டத்தின் சாரம் மே 24ஆம் தேதி கேரிக்குப் பட்லர் சொன்ன பதில்தான். அப்படி உரிமை இழக்கப்பட்டவர் சுதந்திர மனிதரா என்பதைச் சட்டம் சொல்லவில்லை. ஆகஸ்ட் 8ஆம் தேதி கேமரன் இன்னோர் அடி எடுத்து வைத்தார். அரசுக்கு விசுவாசமான எஜமானரிடமிருந்து வந்தவர்களையும் ஏற்றுக்கொண்டு, பின்னாளில் ஈடு கொடுப்பதற்காகக் குறித்து வைக்கச் சொன்னார்.

எல்லா இடத்திலும் இப்படி நடக்கவில்லை. மிசௌரியில் தளபதி ஃப்ரிமான்ட் ஆகஸ்ட் இறுதியில் கலகக்காரர்களின் அடிமைகள் அனைவரும் சுதந்திரமானவர்கள் என்று அறிவித்தார். எல்லை மாநிலங்கள் கொதித்தன. லிங்கன் அதைத் திருத்தி ரத்து செய்தார். அங்கேயே ஃப்ரிமான்டுக்குப் பின் வந்த தளபதி ஹாலெக், தப்பி வரும் அடிமைகளைப் படை எல்லைக்குள்ளேயே விடக் கூடாது என்று நவம்பரில் ஆணையிட்டார். 1862 மே மாதம் தளபதி ஹன்டர் மூன்று மாநில அடிமைகளை விடுவித்து வெளியிட்ட ஆணையையும் லிங்கன் ரத்து செய்தார். ஒரே போர், ஒரே அரசு, ஒரே மாதத்தில் ஒரு முகாமில் அடைக்கலம், இன்னொரு முகாமில் விரட்டல். மேலிருந்து வந்த பெரிய அறிவிப்புகள் வீழ்ந்தன. பட்லரின் சிறிய, சட்டச் சொற்களில் பொதிந்த முடிவு நிலைத்தது. எல்லை மாநிலத்து எஜமானர் எவரையும் அது நேராகத் தொடவில்லை என்பதே அது பிழைத்ததற்குக் காரணம். தார்மீகத் துணிவுக்கு ஃப்ரிமான்டைத்தான் பாராட்ட வேண்டும். ஆனால் கதவைத் திறந்தே வைத்திருந்தது பட்லரின் முடிவு.

அந்தக் கதவு வழியாக மக்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு வருகையும் சட்டத்தை ஓரடி நகர்த்தியது. 1862 மார்ச்சில், தப்பி வந்தவர்களைத் திருப்பி அனுப்பும் படை அதிகாரி பதவி இழப்பார் என்று காங்கிரஸ் விதித்தது. ஏப்ரல் 16ஆம் தேதி தலைநகர் வாஷிங்டனில் அடிமைமுறை ஒழிந்தது. ஜூலை 17ஆம் தேதி இரண்டாம் பறிமுதல் சட்டம்: கலகக்கார எஜமானரிடமிருந்து வடக்குப் படையிடம் வந்து சேரும் எவரும் என்றென்றும் சுதந்திரமானவர். முதல் சட்டம் சொல்லாமல் விட்ட சொல் இதில் வந்துவிட்டது. ஐந்து நாள் கழித்து, ஜூலை 22ஆம் தேதி, லிங்கன் தம் அமைச்சரவைக்கு விடுதலைப் பிரகடனத்தின் வரைவை வாசித்துக் காட்டினார். போர்க்களத்தில் வெற்றி ஒன்று கிடைக்கும்வரை பொறுக்கச் சொன்னார் வெளியுறவு அமைச்சர் சீவார்ட். செப்டம்பர் 17இல் ஆன்டீட்டம் போரில் அது கிடைத்ததும் 22ஆம் தேதி முன்னறிவிப்பு, 1863 ஜனவரி 1இல் பிரகடனம்.

ஓர் அடிமையைக்கூட விடுவிக்காமல் ஒன்றியத்தைக் காக்க முடிந்தால் அப்படியே செய்வேன், எல்லோரையும் விடுவித்துத்தான் காக்க முடியும் என்றால் அதையும் செய்வேன் என்று 1862 ஆகஸ்டில் பத்திரிகையாசிரியர் ஹோரஸ் கிரீலிக்கு லிங்கன் எழுதிய வரிகளை அவருக்கு எதிராக மேற்கோள் காட்டுவது வழக்கம். பிரகடனத்தின் வரைவு அவருடைய மேசை இழுப்பறையில் இருக்கும்போதே எழுதிய வரிகள் அவை. ஒன்றியமா, விடுதலையா என்று தனித்தனியாக இருந்த இரண்டு கேள்விகள் அதற்குள் ஒன்றாகிவிட்டன என்பதை அவர் அறிந்திருந்தார். தெற்கின் வயலிலும் அரணிலும் அடிமை உழைப்பு இருக்கும்வரை தெற்கு வீழாது. அந்த உழைப்பு தானாகவே நடந்து வடக்கின் பக்கம் வந்துகொண்டிருந்தது.

சாம்பலில் எழுந்த ஊர்

மனம் வலிக்கும் பகுதி இது. இதைச் சொல்லாமல் மன்ரோ கோட்டைக்குச் 'சுதந்திரக் கோட்டை' என்ற பட்டம் மட்டும் சூட்டுவது நேர்மையாகாது.

1861 ஆகஸ்ட் 7ஆம் தேதி இரவு தென்படைத் தளபதி மக்ரூடரின் ஆணைப்படி ஹாம்ப்டன் நகரம் கொளுத்தப்பட்டது. வடக்குப் படை அங்கே தப்பி வந்தவர்களைக் குடியேற்றப் போகிறது என்று அவருக்குச் செய்தி கிடைத்திருந்தது. தீ வைத்த வீரர்களில் அந்த ஊர்க்காரர்களே இருந்தார்கள். தங்கள் சொந்த வீடுகளுக்கே தீ வைத்தார்கள். முன்னாள் அடிமைகள் குடியேறுவதைவிடச் சாம்பலாவது மேல் என்று அவர்கள் எண்ணினார்கள்.

அந்தச் சாம்பலில்தான் தப்பி வந்தவர்கள் ஊர் எழுப்பினார்கள். எரிந்த வீடுகளில் இடியாமல் நின்ற செங்கல் புகைபோக்கிகளை ஒட்டி, கிடைத்த பலகைகளால் குடிசை போட்டார்கள். அந்தக் குடியிருப்பு பெருமுகாமாக வளர்ந்தது.

கூலி? 1861 நவம்பரில், பட்லருக்குப் பின் வந்த தளபதி வூல், உழைக்கும் ஆணுக்கு மாதம் 10 டாலர் என்று நிர்ணயித்தார். அதில் தொழிலாளியின் கைக்கு வருவது 2 டாலர். மீதி, பெண்கள் குழந்தைகள் முதியோரைப் பராமரிக்க என்று பண்டகசாலை அதிகாரியின் நிதிக்குப் போனது. அந்த 2 டாலரும் பலருக்கு மாதக்கணக்கில் வரவில்லை. நோயும் பட்டினியும் முகாமை விடவே இல்லை. சில வீரர்கள் அவர்களை அடித்தார்கள், உடைமைகளைத் திருடினார்கள். சரக்கு என்று பெயரிட்டு ஏற்றுக்கொண்ட அரசு, சம்பளக் கணக்கிலும் அவர்களை முழு மனிதர்களாக எழுதவில்லை.

ஆனாலும் முகாமின் முதல் இலையுதிர் காலத்திலேயே பள்ளிக்கூடம் தொடங்கியது. மேரி பீக் என்ற சுதந்திரக் கறுப்பினப் பெண், போருக்கு முன்பே ஹாம்ப்டனில் சட்டத்தை மீறி இரகசியமாக எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர். வர்ஜீனியாவில் 1831 முதலே கறுப்பர்களைக் கூட்டி எழுதப் படிக்கக் கற்பிப்பது தடைசெய்யப்பட்டிருந்தது. 1861 செப்டம்பர் 17ஆம் தேதி அவர் வெளிப்படையாக வகுப்பைத் தொடங்கினார். ஒரு பெரிய ஓக் மரத்தடியில் அவர் பாடம் நடத்தியதாக ஊர் நினைவு சொல்கிறது. சில நாட்களில் பிள்ளைகள் ஐம்பதைத் தாண்டினார்கள். மாலையில் பெரியவர்களும் வந்தார்கள். காசநோயோடு படுக்கையில் கிடந்தபடியும் கற்பித்தார். 1862 பிப்ரவரியில் இறந்தார். விடுதலைப் பிரகடனத்தை அவர் பார்க்கவில்லை.

பார்த்திருந்தாலும் அது அவருடைய மாணவர்களைப் பெயர் சொல்லி விலக்கியிருக்கும். கலகத்தில் இருக்கும் பகுதிகளுக்கு மட்டுமே பிரகடனம் பொருந்தும். ஏற்கெனவே வடக்கின் கையில் இருந்த சில மாவட்டங்களை அது பட்டியலிட்டு ஒதுக்கியது. அந்தப் பட்டியலில் மன்ரோ கோட்டையும் ஹாம்ப்டனும் அடங்கிய எலிசபெத் சிட்டி மாவட்டம் இருக்கிறது. எந்த இடத்தில் இந்த மாற்றம் தொடங்கியதோ அந்த இடத்தைத் தாளில் பிரகடனம் தொடவில்லை. ஆனால் கலகக்கார எஜமானரை விட்டு வந்தவர்கள் இரண்டாம் பறிமுதல் சட்டப்படி முந்தைய கோடையிலேயே சுதந்திரம் பெற்றிருந்தார்கள். ஹாம்ப்டன் மக்கள் அந்த ஓக் மரத்தடியில் கூடிப் பிரகடனம் வாசிக்கப்படுவதைக் கேட்டார்கள். மரத்துக்கு விடுதலை ஓக் என்று பெயர் நிலைத்தது. சட்ட வரம்பைப் பார்த்து அவர்கள் தங்கள் கொண்டாட்டத்தை அளக்கவில்லை.

யார் விடுவித்தது

வரலாற்றாசிரியர்களிடையே நெடுநாள் நடக்கும் வாதம் இது. லிங்கனா, காங்கிரசா, படையா, அடிமைகள் தாங்களேயா? இவற்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க மன்ரோ கோட்டை இடம் தரவில்லை. அரசு அதிகாரம் இல்லாமல் படகு மட்டும் போதாது. பிக்கன்ஸ் கோட்டையில் எட்டுப் பேரும் அதே துணிவோடுதான் வந்தார்கள், திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஆனால் வரிசை என்று ஒன்று உண்டு. முதலில் வந்தவர்கள் அந்த மூவர். அடுத்து பட்லர். அடுத்து கேமரன், காங்கிரஸ், கடைசியில் லிங்கன். முடிவெடுக்க மேலே இருந்தவர்கள் ஒவ்வொருவரும், கீழே இருந்தவர்கள் ஏற்கெனவே செய்துவிட்ட ஒன்றுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். லிங்கனின் பெருமையை இது குறைக்கவில்லை. தம்மைத் தேடி வந்த கேள்விக்கு அஞ்சி ஒதுங்காமல், காலம் எடுத்துக்கொண்டாலும் முழுப் பதில் சொன்னவர் அவர்.

போர் முடிவதற்குள் ஏறத்தாழ 5 இலட்சம் பேர் வடக்கின் எல்லைக்குள் தப்பி வந்ததாக மதிப்பிடுகிறார்கள். ஏறத்தாழ 1,80,000 கறுப்பின வீரர்கள் வடக்கின் தரைப்படையில் போரிட்டார்கள். பட்லர் 1863 நவம்பரில் மீண்டும் இந்தப் பகுதிக்குத் தளபதியாக வந்தபோது, கோட்டையை ஒட்டிய முகாம்களிலிருந்தே கறுப்பினக் குதிரைப்படைப் பிரிவுகள் திரண்டன. 1864 செப்டம்பர் 29ஆம் தேதி நியூ மார்க்கெட் ஹைட்சில் அவர் கீழ்ப் போரிட்ட கறுப்பின வீரர்களில் 14 பேர் நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் பெற்றார்கள். அந்த ஆகஸ்டில்தான், கறுப்பின வீரர்களையும் அவர்கள் காக்கும் நிலைகளையும் விட்டுக்கொடுத்தால் மூன்று வாரத்தில் போரையே கைவிட நேரும் என்று லிங்கன் சந்திக்க வந்தவர்களிடம் சொன்னார். பதவியேற்பு நாளில் அடிமைமுறையைத் தொட மாட்டேன் என்றவர் அந்த இடத்துக்கு வர மூன்றரை ஆண்டு ஆனது.

1865 டிசம்பர் 6ஆம் தேதி 13ஆவது திருத்தம் ஒப்புதல் பெற்று, நாடு முழுவதும் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. அதற்கு விலையாகப் போன உயிர்கள், பழைய கணக்கில் 6,20,000. புதிய ஆய்வுகளின்படி 7,50,000 வரை.

தென் கூட்டமைப்பின் தலைவர் ஜெஃபர்சன் டேவிஸ் 1865 மே மாதம் பிடிபட்டு மன்ரோ கோட்டைக்கே கொண்டுவரப்பட்டார். இரண்டு ஆண்டு அங்கே சிறையிருந்தார். பின் பிணையில் வெளியே போனார். அவர்மீது விசாரணை நடக்கவே இல்லை. அந்த இரண்டு ஆண்டுகளில் கோட்டைக்கு வெளியே வேறொரு முடிவும் எழுதப்பட்டது. ஹாம்ப்டனைச் சுற்றி, ஓடிப்போன எஜமானர்களின் நிலத்தில் முன்னாள் அடிமைகள் பயிரிட்டு வந்தார்கள். லிங்கனுக்குப் பின் வந்த ஆண்ட்ரூ ஜான்சன், கலகக்காரர்களுக்குப் பொதுமன்னிப்பு அளித்து நிலத்தைத் திருப்பிக் கொடுத்தார். சாம்பலில் குடிசை போட்டவர்களும் அந்த மண்ணை உழுதவர்களும் பழைய உரிமையாளர்கள் திரும்பி வந்தபோது வெளியேற்றப்பட்டார்கள்.